அக்கரைக்குக் கேட்ட பாராட்டு

பொன்னாடையை எந்தத் தோளில் தொடங்கிப் போர்த்துவது என்று மேடையில் பலர் தடுமாறுவார்கள். நான் இடது தோளில் தொடங்குவேன். அவருடைய வலது கை மாலை வாங்கவும் கைலாகு கொடுத்துக் குலுக்கவும் தேவைப்படும். தொண்ணூற்றாறாம் ஆண்டு செங்கலடிப் பக்கத்தில் நடந்த பாராட்டு விழாக்களை நடத்தியவன் நான்தான். அதைத்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

கந்தப்போடி சேர் பல்கலைக்கழக வளாகத்தில் விலங்கியல் படிப்பித்தார். நான் அவருக்குக் கீழே தற்காலிக உதவி விரிவுரையாளர். பின்னேரங்களில் சந்தியில் அவர் நடத்திய ஆங்கில வகுப்பிலும் கடைசி வாங்கில் இருந்தேன். என் உச்சரிப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. சேருக்கும் இல்லை.

"நல்லரத்தினம் வாயத் திறந்தா இங்கிலீசு கப்பலேறிப் போயிரும்" என்பார். வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். எனக்கு மனம் நோகவில்லை. நோகவில்லை என்று அன்றன்றே நாட்குறிப்பில் எழுதியும் வைத்தேன்.

அந்த வருடம் வாவி இறால்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக்குக் கொழும்பு விஞ்ஞானச் சங்கம் ஒன்று தங்கப்பதக்கம் கொடுத்தது. எங்கள் துறையில் எவருக்கும் வெளியிலிருந்து அப்படியொன்று வந்ததில்லை. சேர் அதைப் பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு மூடிவிட்டு, "தம்பி, இத ஊருக்குச் சொல்லிப்போடாத. காலம் சரியில்ல" என்றார்.

தன்னடக்கம் என்று நினைத்தேன். அடக்கமானவர்களை நாம்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, மறைக்க விருப்பமில்லை. துறையில் நிரந்தர இடம் ஒன்று வந்தபோது நேர்முகத்தில் சேர் சொன்னார்: "நல்ல பொடியன். தேத்தண்ணி ஊத்துறதுக்கு ஒரு மெடல் இருந்தா இவனுக்குத்தான்." எல்லாரும் சிரித்தார்கள். இடம் வேறொருவருக்குப் போனது. சேர் இருக்கும்வரை எனக்கு இடமில்லை என்று அன்று விளங்கியது.

முதல் விழாவைச் சித்தாண்டியில் வைத்தேன். மாணவர்களை விட்டுக் கேட்டதால் சேரால் மறுக்க முடியவில்லை. கூட்டம் போதவில்லை. அடுத்ததை வாவிக்கரைப் பாடசாலை ஒன்றில் வைத்தேன். ஒலிபெருக்கிக்கு ஏறாவூர் ஆதம்பாவா காக்கா வந்தார். குழலைத் தெருவைப் பார்க்கக் கட்டினார். நான் வாவிப் பக்கம் திருப்பச் சொன்னேன்.

"அங்கால மீனும் நண்டுந்தானே தம்பி கிடக்கு?"

"சேர்ட ஆராய்ச்சியும் அதுகளப் பத்தித்தானே காக்கா. அதுகளும் கேக்கட்டும்."

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, அறிவிக்கக் கொடுத்த தாளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"மந்திரிட கையால பதக்கம் வாங்கின எண்டு கிடக்கு. இதையும் சொல்லோணுமா?"

"அதுதானே காக்கா பெருமை."

பொழுது சாய்ந்து காற்று அடங்கினால் தண்ணீரின் மேல் ஒலி நன்றாகப் போகும். அக்கரை அப்போது அரசாங்கத்தின் கையில் இல்லை, இயக்கத்தின் கையில் இருந்தது. மந்திரிமாரோடு உறவாடுகிறவர்களை அங்கே இருந்தவர்கள் கூட்டிக்கொண்டு போய் விசாரிப்பார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் ஒருவருடைய பெருமையைப் பாதியில் நிறுத்துவது முறையல்ல.

பொன்னாடை போர்த்தும்போது சேர் என் காதுக்குள், "ஆருடா உனக்கு மந்திரியச் சொன்னது?" என்று கேட்டார். இடது தோளிலிருந்து பொன்னாடையை இழுத்துவிட்டார். கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமையே தோணியில் இரண்டு பேர் வந்தார்கள். "சின்ன விசாரணைதான், விடிய வந்திருவார்" என்று அவருடைய மனைவி மங்கையற்கரசி அக்காவிடம் சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சேர் வரவில்லை.

பதக்கம் தபாலில்தான் வந்தது. தபால் கந்தோருக்குப் போய் எடுத்துவந்தவன் நான். சேர் மந்திரியைக் கண்ணாலும் கண்டதில்லை. அந்த ஒரு வரியை நான்தான் சேர்த்தேன். விழா என்றால் ஓர் எடுப்பு வேண்டாமா.

சில மாதம் கழித்து அக்கா பிஸ்கட் தகரத்தோடு என்னிடம் வந்தா. "அவரில எவ்வளவு பட்சம் வச்சிருந்தாய் தம்பி. இத நீயே வச்சிரு" என்றா. வாங்கி வைத்துக்கொண்டேன். அவருடைய இடத்தையும் பிறகு எனக்கே தந்தார்கள். இறால் ஆராய்ச்சியையும் நானே தொடர்ந்தேன்.

இந்த வருடம் அதே சங்கம் எனக்கும் ஒரு பதக்கம் தந்திருக்கிறது. நாளைக்கு அந்தப் பாடசாலையிலேயே மாணவர்கள் விழா வைக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. குழலை மட்டும் தெருவைப் பார்க்கக் கட்டும்படி ஆதம்பாவா காக்காவிடம் சொல்லியிருக்கிறேன். சேரைப் போல எனக்கும் கொஞ்சம் தன்னடக்கம் உண்டு.