மூன்றாம் மாடிப் படிகளில் எடுக்கப்போகும் படம்

இந்த மாலைப் பொழுதுக்குத் தலைமை தாங்க மனமுவந்து வந்திருக்கும் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! ஒலிபெருக்கியைத் தன் கடையிலிருந்தே தோளில் சுமந்து வந்து பொருத்திவிட்டு, பெருமையெல்லாம் யாருக்கோ என்பதுபோல் தூணோரம் ஒதுங்கி நிற்கும் மின்பணியாளர் அண்ணன் அவர்களே! கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி, மேடையில் நிற்கும் என்னையே குனிந்து பார்க்கும் உயரத்தில் இருக்கும் மாடிவீட்டுப் பெரியோர்களே! அடுப்பில் பாத்திரத்தை ஏற்றிவிட்டு, ஒரு காதை அங்கும் ஒரு காதை இங்கும் வைத்திருக்கும் அன்புத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சின்னவளின் நெஞ்சம் நிறைந்த வணக்கம்.

நான் ஒரு படம் எடுக்கப் போகிறேன். என் முதல் படம். நாளைக் காலையில், இதோ இந்தக் கட்டடத்தில், உங்கள் வாசல்களின் வழியாகவே அது தொடங்குகிறது.

என்ன கேட்கிறீர்கள்? பின்வரிசையிலிருந்து ஒரு அண்ணன் கேட்கிறார், "சண்டைக் காட்சி உண்டா?" என்று. அண்ணே, தண்ணீர் வராத காலையில் இந்தக் குழாயடியில் நடப்பதைவிடப் பெரிய சண்டையை நான் எந்தப் பயிற்சியாளரை வைத்து எடுக்க முடியும்? அதையே எடுத்துக்கொள்கிறேன், நீங்களே நடித்தும் கொடுக்கிறீர்கள்!

அன்புக்குரியவர்களே, எங்களிடம் பெரிய முதலீடு இல்லை. அரங்கம் அமைக்க வழியில்லை. ஆகவே வீடு, வீடாகவே இருக்கும். விளக்குகள் இல்லை, ஆகவே சன்னல் தருகிற வெளிச்சமே வெளிச்சம். நடிகர்கள் இல்லை, ஆகவே நீங்கள் இருக்கிறீர்கள். என்னோடு கல்லூரியில் படித்த ஒளிப்பதிவாளன் ஒருவன், நெட்டை என்று நாங்கள் அழைப்போம், தன் சொந்தக் கேமராவோடு வந்திருக்கிறான். இத்தனை இல்லாமைக்கும் நடுவே எங்களிடம் இருந்த ஒரே செல்வம் கதை. அந்தக் கதை உங்கள் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறது.

ஆமாம், அவளேதான். ஈட்டிக்காரி. நீங்கள் வைத்த பெயர்தானே!

அவளை நான் முதலில் கண்டது விளையாட்டு மைதானத்தில். பேருந்துக்காக நின்றிருந்தேன். வேலிக்கு அப்பால், தரையில் அடித்த முளைகளில் கயிறுகட்டி நிறுத்திய ஓர் இரும்பு முக்காலி. அதன்மேல் ஓர் இளம்பெண். பிறந்ததிலிருந்தே வலுவில்லாத அந்தக் கால்கள் இரண்டையும் முக்காலியோடு பட்டையால் இறுகப் பிணைத்திருந்தாள். இடது கை முன்னே நின்ற கம்பியைப் பற்றியிருந்தது. வலது கையில் ஈட்டி. அவள் பின்னே சாய்ந்தாள், சாய்ந்தவள் நிமிர்ந்தாள், நிமிர்ந்த வேகத்தில் அந்த ஈட்டி பறந்ததே, பார்க்க வேண்டும்! வானத்தில் ஒரு கோடு கிழித்ததைப் போலப் பறந்தது! என் பேருந்து வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை.

அன்றே முடிவு செய்தேன், என் படம் இவள்தான் என்று.

அவள் வீட்டில் இருப்பவர்கள் இருவர். அவளும் அவள் அம்மாவும். அம்மாவுக்கு வேலை மருத்துவமனைத் துணிகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தில். ஈரமேறிக் கனத்த போர்வைகளை இயந்திரத்திலிருந்து இழுத்தெடுத்து வண்டியில் போட்டுத் தள்ளும் வேலை. காலையில் மகளை மைதானத்தில் விட்டுவிட்டுப் போவார். மாலையில் அழைத்து வருவார். சக்கர நாற்காலியைக் கீழே படிக்கட்டின் அடியில் நிறுத்திவிட்டு, மகளை முதுகில் சுமந்து மூன்று மாடி ஏறுவார். லிப்டின் கதவில் 'பழுது' என்று ஒரு பலகை தொங்குவது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பலகையே பழுதாகித் துருப்பிடித்துவிட்டது. தலைவர் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, அதற்கும் வருகிறேன்.

திரைக்கதையை எழுதி முடித்து, அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அம்மா மகளைச் சுமந்து படியேறும் காட்சி வந்தது. அந்தக் காட்சியைத்தான் நான் படத்தின் உயிர் என்று எண்ணியிருந்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தால், மகளின் முகம் வாடிக் கிடக்கிறது.

"அக்கா, இது மட்டும் வேணாம்," என்றாள்.

"ஏம்மா?"

"பாக்கிறவங்க எல்லாம் என்னை மூட்டையாத்தான் பாப்பாங்க. நான் ஈட்டி எறியறது அவங்க கண்ணுக்கே தெரியாது."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அது இருந்தாத்தான் நான் நடிப்பேன். இல்லன்னா ஆளை விடுங்க."

"அம்மா, உனக்கு ஒண்ணும் புரியாது."

"எனக்கு எல்லாம் புரியும். உனக்கு ஈட்டி பிடிக்கச் சொல்லிக் குடுத்தது வாத்தியார். முக்காலி செஞ்சு குடுத்தது பட்டறைக்காரர். நான் என்ன செஞ்சேன்? தூக்கினேன். அது ஒண்ணுதான் நான் செஞ்சது. அதையும் எடுத்துட்டா அந்தப் படத்துல எனக்கு என்ன வேலை?"

சொல்லுங்கள், யார் பக்கம் நிற்பது? சுமையாகத் தெரிய மாட்டேன் என்ற மகளின் பக்கமா? சுமந்ததை மறைக்காதே என்ற தாயின் பக்கமா? அன்று நான் தேநீரைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன். பல நாட்கள் படம் அந்தக் கூடத்திலேயே நின்றுவிட்டது.

பிறகு ஒரு மாலை, "காட்சி இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், அந்தப் படிக்கட்டில் கேமரா நுழையுமா என்று ஒரு ஒத்திகை பார்த்துவிடுவோமே" என்று இருவரையும் இணங்க வைத்தேன். நெட்டை கேமராவோடு பின்னோக்கியே படியேறினான். நான் பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அம்மா மகளை முதுகில் ஏற்றினார். முதல் மாடி கடந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அம்மா நின்றார். ஒரு கை சுவரைப் பற்றியது. முகம் வெளுத்தது. வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

ஆனால் அன்பர்களே, தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பவளுக்குச் சொல் எதற்கு? மூச்சு சொல்லிவிட்டது.

"அம்மா, இறக்கி விடு."

"ஒண்ணுமில்லடி. செத்த நேரம் இரு."

"இறக்கி விடுன்னு சொல்றேன்ல!"

இறக்கிவிட்டார். மகள் படியில் உட்கார்ந்தாள். முதுகை மேற்படிகளுக்குக் காட்டித் திரும்பினாள். ஈட்டி பிடித்துக் காய்த்த இரு உள்ளங்கைகளையும் பின்படியில் ஊன்றினாள். ஊன்றினாள், உயர்ந்தாள், ஒரு படி. மீண்டும் ஊன்றினாள், மீண்டும் உயர்ந்தாள், இன்னொரு படி. அப்படியே, அவசரமே இல்லாமல், தடுமாற்றமே இல்லாமல், மூன்றாம் மாடி வரை போய்த் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள்!

கைதட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். கதை அங்கே முடியவில்லை.

அம்மா கீழேயே நின்றிருந்தார். "எப்போலேர்ந்துடி?" என்றார்.

"ரொம்ப நாளாச்சு. மைதானத்து கேலரிப் படியில பழகினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் மெல்லச் சொன்னாள்: "வீட்டுக்கு வந்தா உனக்குச் சமையல், தண்ணி, துணின்னு நேரம் போயிடும். இந்தப் படியில வரும்போது மட்டும்தான் நீ என்கிட்ட பேசுவ. மேஸ்திரி என்ன திட்டினார், யார் யாரோட கோபம்னு எல்லாம் காதுக்குள்ள சொல்லிக்கிட்டே ஏறுவ. நானா ஏறுறேன்னு சொன்னா, அது போயிடுமேம்மா. அதான் படத்துலயும் வேணாம்னேன். அது நம்ம ரெண்டு பேரோடது. ஊருக்கு எதுக்கு?"

அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இடுப்பு விட்டுப்போய் எத்தனையோ நாளாச்சு. உன்கிட்ட சொன்னா நீ தூக்க விடமாட்டியேன்னுதான் வாயைத் திறக்கல," என்றார்.

தாய்மார்களே! தாய் தன் வலியை ஏன் மறைத்தாள்? மகளைச் சுமக்க வேண்டும் என்று. மகள் தன் வலிமையை ஏன் மறைத்தாள்? தாயோடு இருக்க வேண்டும் என்று. ஒருத்தி மறைத்தது நோயை, ஒருத்தி மறைத்தது திறமையை. இருவருக்கும் காரணம் ஒன்றேதான்! நடுவே நின்ற நான் நெட்டையைத் திரும்பிப் பார்த்தேன். "எடுத்தியா?" என்று கேட்டேன். அவன் படியில் உட்கார்ந்து, கேமராவை எப்போதோ அணைத்து மடியில் வைத்திருந்தான்.

"எடுக்கல," என்றான். "எடுக்கிற மாதிரியா இருந்துச்சு?"

அவன் என்னைவிட உயரமானவன் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு உயரம் என்பது அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் என்ன நடந்தது? அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். இடுப்பு இடம் கொடுக்கவில்லை. "இருடி, நானும் உன்னை மாதிரியே வரேன்," என்று சொல்லி, படியில் கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே ஏறத் தொடங்கினார்! மகள் பார்த்தாள். சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு! சிரித்துக்கொண்டே கீழே இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். "கையை இன்னும் பின்னால வை. தோளால தள்ளு," என்று மகள் சொல்ல, "போதும்டி, ஈட்டியா எறியப் போறேன்?" என்று அம்மா முணுமுணுக்க, இருவரும் படிக்குப் படி உட்கார்ந்து, பேசிப் பேசி, மூச்சு வாங்கி, மேலே போய்ச் சேர்ந்தார்கள். வழக்கமான நேரத்தைப் போலப் பலமடங்கு ஆனது. அத்தனையும் பேச்சு!

வாசலில் உட்கார்ந்துகொண்டு மகளே சொன்னாள்: "அக்கா, இதை எடுத்துக்கோங்க. இதுன்னா எனக்குச் சம்மதம்." அம்மாவும் தலையசைத்தார்.

நாளைக் காலை முதலில் எடுக்கப்போவது அந்தக் காட்சியைத்தான். வெட்டாமல், ஒட்டாமல், ஒரே மூச்சில். "இவ்வளவு நீளமா? பார்ப்பவர்கள் எழுந்து போய்விடுவார்களே" என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். போகட்டும் என்றேன். அவள் ஏறி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லாதவருக்கு நான் படம் எடுக்கவில்லை.

மகளிர் வரிசையில் ஒரு கேள்வி எழுகிறது, "கடைசியில அவ ஜெயிப்பாளா?" என்று. அக்கா, எனக்குத் தெரியாது. படப்பிடிப்பின் இறுதி நாட்களில் உண்மையான போட்டி வருகிறது. நாங்கள் போவோம், எடுப்போம். பொய்யான பதக்கத்தை அவள் கழுத்தில் மாட்ட மாட்டேன். பொய்யான தோல்வியைத் தந்து உங்கள் கண்ணீரையும் கறக்க மாட்டேன். அவள் எறிகிற ஈட்டி எங்கே விழுகிறதோ, அங்கே என் படம் முடியும்!

தலைவர் அவர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். படிக்கட்டை நம்பிப் படம் எடுக்கிறவள், லிப்ட் பழுதாகவே இருக்கட்டும் என்று உள்ளூர விரும்புவாள் என்று நினைக்கிறீர்களா? இல்லை ஐயா! நாளைக்கே சரிசெய்யுங்கள். என் காட்சி கெட்டால் கெடட்டும்! ஒரு தாயின் இடுப்பு நோக, ஒரு மகளின் கைகள் காய்த்துப்போக, அதை அழகென்று படம்பிடித்துப் பேர்வாங்க நான் வரவில்லை. இந்தக் கட்டடத்தின் இரும்புக் கதவு ஒன்று திறக்குமென்றால், என் படம் வெளிவராமலே போனாலும் வெற்றிதான்!

இப்போது தட்டலாம்! தலைவர் எழுந்து நிற்கிறார், தலையாட்டுகிறார்... "இந்த மாசத்துக்குள்ள" என்கிறார்! எல்லோரும் கேட்டுக்கொண்டீர்கள் அல்லவா?

முன்வரிசையில் சலவைக்கூடத்து அம்மா ஏதோ சொல்கிறார். உரக்கச் சொல்லுங்கம்மா... "லிப்டைச் சரி பண்ணுங்க. ஆனா கதை பாதியில இருக்கிற அன்னைக்கு நாங்க படியிலதான் வருவோம்!" பக்கத்தில் ஈட்டிக்காரி வெட்கத்தில் முகத்தை மூடிக்கொள்கிறாள்.

உறவுகளே, கடைசியாக ஒரே ஒரு வேண்டுதல். நாளை அவர்கள் இருவரும் உங்கள் வாசல்களைக் கடந்து ஏறுவார்கள். ஐயோ என்று கைகொடுக்க யாரும் ஓடிவராதீர்கள். கேமராவையும் பார்க்காதீர்கள். படியேறி வருகிற எந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் என்ன கேட்பீர்களோ அதையே கேளுங்கள்: "என்ன, இன்னைக்கு இவ்வளவு லேட்டு?" அவ்வளவு போதும். அவள் பதில் சொல்வாள்.

இடம் தந்த சங்கத்துக்கும், குரல் தந்த அண்ணனுக்கும், அடுப்பை மறந்து செவிதந்த தாய்மார்களுக்கும், தங்கள் படிக்கட்டுப் பேச்சை எங்களோடு பகிர்ந்துகொண்ட அந்த இருவருக்கும் தலைதாழ்ந்த நன்றி. போய்ப் பாத்திரத்தை இறக்குங்கள், அடிப்பிடிக்கிற வாசனை வருகிறது! விடியலில் சந்திப்போம். வணக்கம்.