இருபத்தாறாம் எண் கிளிப்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நமது மாதிரி விமானக் கழகத் தலைவர் திரு. வெங்கடேஷ் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் கழகத்தின் மூத்த உறுப்பினர்களே, தாராவியிலிருந்து பட்டறைகளைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் தோல் தொழிலாளத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி நூர் நிஷா அவர்களே, மகள் சாதியாவே, செம்பூரின் இந்தச் சிறிய மண்டபம் கொள்ளாமல் வெளியே படிக்கட்டிலும் நிற்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் பஞ்சாபகேசன். கழகத்தின் செயலாளர். எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கூடுதலாக எடுத்துக்கொண்டால் தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டுகளாகப் பேசாமல் இருந்ததைப் பேச வந்திருக்கிறேன்.

யார் இந்த உதுமான் மாஸ்டர்? தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தவர். ரேடியோப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு தோல் பட்டை வேண்டும் என்று நான் அவரிடம் போனேன். எங்கள் முதல் சந்திப்பு அதுதான். “இது எதுக்கு சார்?” என்று கேட்டார். தரையில் நின்றுகொண்டு, கையிலிருக்கும் பெட்டியால் வானத்தில் ஒரு சின்ன விமானத்தை ஓட்டுவோம் என்றேன். நான் ஏதோ கதை விடுகிறேன் என்பது போலப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பன்வேலுக்கு அப்பால் இருக்கும் எங்கள் மைதானத்துக்கு, கையில் பட்டையோடு அவரே வந்து நின்றார்! ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, “சார், அந்த வாலுல ஆடுத பலகைக்குப் பிளாஸ்டிக் கீல் வச்சிருக்கீக. வெயில்ல காஞ்சா ஒடிஞ்சிரும். மெழுகு நூலால தைச்சா ஒடியாது” என்றார்.

நண்பர்களே, ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் விமானம் கட்டியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். கீலை நூலால் எட்டுப் போலப் பின்னித் தைத்தார்கள். எங்களிடம் இருந்த பழைய வரைபடத்திலேயே அது இருந்தது. நாங்கள் அதைப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் யார் தைப்பது என்று கடைக் கீலை ஒட்டியவர்கள். வரைபடத்தையே பார்க்காமல் அதைச் சொன்னவர் உதுமான் மாஸ்டர்!

அன்று தொடங்கியது அவருடைய சேவை. மழைக்காலத்தில் மைதானம் சேறாகிவிடும். அந்த நான்கு மாதமும் அவருடைய பட்டறையின் மேல்தளம்தான் கழகத்தின் ஆஸ்பத்திரி. யாருடைய இறக்கை ஒடியவில்லை? யாருடைய இறக்கையை அவர் ஒட்டிக் கொடுக்கவில்லை? தோலைச் சீவும் கத்தியால், விமானம் கட்டும் லேசான பால்சா மரத்தைக் காகிதம் போலச் சீவுவார். அந்தப் பழைய வரைபடத்தை வைத்து ஒன்றரை வருடம் உழைத்து, தமக்கென்று ஒரு விமானம் கட்டினார். பட்டுத்துணி போர்த்தி, வார்னிஷ் பூசி, பழுப்பும் மஞ்சளுமாக வர்ணம் அடித்தார். அதற்கு மனைவியின் பெயரை வைக்க ஆசைப்பட்டார். “என் பேரு வேண்டவே வேண்டாம். கீழ விழுந்தா, நூர் நிஷா விழுந்துட்டாம்பாக” என்று இந்தச் சகோதரி மறுத்துவிட்டார். அதனால் அது ‘மைனா’ ஆனது.

ஞாயிறு காலை ஜி.டி.பி. நகரில் ரயில் ஏறுவார். நான் செம்பூரில் ஏறுவேன். லக்கேஜ் பெட்டியில் போர்வையில் சுற்றிய இறக்கையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பார். “ஹவாயி ஜஹாஸ் ஹை பாய், தோடா ஸரக்கோ”, விமானம் வருது, கொஞ்சம் நகருங்க என்பார். மீன் கூடைக்காரர்கள்கூடச் சிரித்துக்கொண்டே நகர்ந்து கொடுப்பார்கள். விமானத்தின் எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். திரும்பி வரும்போது எங்கள் சட்டையெல்லாம் அந்த வாடைதான். மாட்டுங்காவில் இட்லிக்குப் பெயர் போன சைவ வீட்டில் பிறந்தவன் நான். அவர் வீட்டுப் பெருநாள் சமையல் வாசனைக்கு, சைவ பிரியாணி தனியாக வைத்திருக்கிறோம் என்ற அழைப்புக்கு, நான் ஒரு வருடம்கூடத் தப்பியதில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு நான் என்ன செய்தேன்?

இங்கே தோல் தொழிலாளத் தோழர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போது வரும் புது ரேடியோக்களில் தொல்லை இல்லை. ஆனால் பழைய விமானத்தைப் பழைய ரேடியோவால்தான் ஓட்ட வேண்டும் என்பது எங்களில் சிலருடைய பிடிவாதம். பழைய பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஒரே எண்ணுள்ள இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் போட்டால், வானத்தில் இருக்கும் விமானம் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் விழுந்துவிடும். அதற்காக மைதானத்தில் ஒரு பலகை. அதில் துணி காயப்போடும் மரக் கிளிப்புகள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு கிளிப். அதை எடுத்துச் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்ட பிறகுதான் பெட்டியின் சுவிட்சைத் தொடலாம். இந்த விதியை எழுதியவன் நான். அந்த எண்களைச் சிவப்பு பெயிண்டால் எழுதியவனும் நான்.

என் பெட்டியின் எண் இருபத்தாறு. உதுமான் மாஸ்டரின் எண்ணும் இருபத்தாறு.

நான்கு ஆண்டுகளுக்கு முன், கழகத்தின் ஆண்டு விழா நாள். மைனா மேலே பறந்துகொண்டிருந்தது. கிளிப் மாஸ்டரின் காலரில் இருந்தது. நான் தகரக் கொட்டகைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து என் விமானத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். வால் சரியாக ஆடுகிறதா என்று ஒரு நொடி பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். செயலாளர் அல்லவா! எனக்கு எதற்குக் கிளிப்? சுவிட்சைப் போட்டேன். வால் ஆடியது. அப்போது மைதானத்தில் கூச்சல் கேட்டது. அணைத்துவிட்டு எழுந்து ஓடினேன். பத்து விநாடிகூட இருக்காது.

மைனா மூக்குக் குப்புற மண்ணில் புதைந்து கிடந்தது. அதிலிருந்து பத்தடியில் பாய் விரித்து, சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தவர் யார்? இதோ, இந்தச் சகோதரி! அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் மைதானத்துக்கு வந்திருந்தார். மாஸ்டர் விமானத்தைப் பார்க்கவில்லை. நேரே மனைவியிடம் ஓடினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், காலரிலிருந்து கிளிப்பைக் கழற்றி, பலகை வரை நடந்து போய், அதன் இடத்தில் மாட்டினார். அந்த நிலையிலும் விதியை மறக்காத மனிதர் அவர்!

வால் பலகை பிய்ந்து தனியே கிடந்தது. விழுந்த வேகத்தில் பிய்ந்தது. தலைவர் அதைக் கையில் எடுத்து, “கீல் விட்டுடுச்சா சார்?” என்று என்னிடம் கேட்டார். “அப்படித்தான் தெரிகிறது” என்றேன். தலைவர் அவர்களே, என்னை அப்படிப் பார்க்காதீர்கள். அன்று நான் சொன்னது பொய்.

விபத்துப் பதிவேட்டில், “காரணம்: தையல் கீல் விட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தையல் கீல் வைத்த விமானத்துக்கு இனி அனுமதி இல்லை என்று தீர்மானமும் எழுதினேன். அதை வழிமொழிந்தது யார் தெரியுமா? உதுமான் மாஸ்டர்! “நிஷா தலையில விழுந்திருக்கும் சார். என் கைத் தப்புதான்” என்று எழுந்து நின்று வழிமொழிந்தார். அன்றோடு அவர் விமானம் ஓட்டுவதை விட்டுவிட்டார். எங்களோடு மைதானத்துக்கு வருவதை மட்டும் விடவில்லை.

ஏன் சொல்லவில்லை? வெட்கம். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. அன்றே சொல்லியிருந்தால் ஒரு தப்புக்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மறுநாள் சொன்னால் இரண்டு தப்பு. ஒரு மாதம் போனதும் எதற்கு என்று கேட்பது என்றே தெரியவில்லை.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. ஒருநாள் ரயில் வாஷி பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது அவரே கேட்டார். “சார், ராவெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். ரேடியோல ஏதும் கோளாறா இருக்குமோ?” உண்மையைச் சொல்ல எனக்குக் கதவையே திறந்து வைத்துவிட்டார். நான் என்ன சொன்னேன்? “சான்ஸே இல்லை மாஸ்டர்.” அதற்குப் பிறகு அவர் ரேடியோவைப் பற்றிக் கேட்கவே இல்லை. என் அனுபவத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

தம்முடைய கையைத்தான் சந்தேகப்பட்டார். இரண்டு பால்சாத் துண்டுகளை அதே நூலால், அதே முடிச்சால் தைத்தார். பட்டறையின் இரும்புக் கொக்கியில் மாட்டி, கீழே தண்ணீர் நிரப்பிய பெயிண்ட் டப்பாவைத் தொங்கவிட்டார். என்றைக்கு விடுகிறது என்று பார்க்க! போகும்போதெல்லாம் காட்டுவார். “பாத்தீகளா சார், இன்னும் விடல. பெறவு அன்னைக்கு மட்டும் எப்பிடி விட்டுச்சு?” நான் அந்த டப்பாவைப் பார்ப்பேன். அவர் வாங்கித் தரும் அரை கிளாஸ் கட்டிங் சாயாவைக் குடிப்பேன். வீட்டுக்கு வந்துவிடுவேன். இப்படி நான்கு வருடம்! மைனாவை மறுபடி கட்டினார், அதே தையலோடு. பறக்கவிடவில்லை. மேல்தளத்தில் தொங்கவிட்டுவிட்டார்.

மூன்று வாரத்துக்கு முன், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்து பட்டறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லிவிடுவேன், அடுத்த ஞாயிறு சொல்லிவிடுவேன் என்று இருந்த எனக்கு ஞாயிறு இல்லாமல் போய்விட்டது.

துக்கம் கேட்கப் போனபோது சாதியா பட்டறையைக் காட்டினாள். “அங்கிள், வாப்பா இந்த டப்பாவ யாரையும் தொட விடமாட்டாங்க. பூரா நாளும் இதையே பாத்துட்டு இருப்பாங்க. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? எறக்கிடட்டுமா?” என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அறுபத்தெட்டு வயதில், இறந்தவர் வீட்டில் நின்றுகொண்டு, மறுபடியும் ஒரு பொய்.

சகோதரி நூர் நிஷா அவர்களே, உங்கள் தலைக்குப் பத்தடியில் அதை விழவைத்தவன் நான். உங்கள் கணவர் அல்ல. உங்களிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். மன்னிக்க வேண்டியவர் போய்விட்டார், அவருடைய வேலையை உங்கள் தலையில் கட்டுவது நியாயம் இல்லை.

இதோ, இந்த மேசையில் விபத்துப் பதிவேடு இருக்கிறது. அன்று எழுதியதை உங்கள் முன்னால் அடிக்கிறேன். “காரணம்: செயலாளர் பஞ்சாபகேசன் கிளிப் எடுக்காமல் இருபத்தாறாம் எண் பெட்டியைப் போட்டது” என்று எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். தலைவர் அவர்களே, நீங்களும் போடுங்கள். தையல் கீலுக்குப் போட்ட தடையை இந்தக் கூட்டத்திலேயே நீக்குங்கள். என் செயலாளர் பதவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். என் பெட்டி இதோ இருக்கிறது. இனி இதை நான் தொடப்போவதில்லை.

நாம் இங்கே எடுக்க வேண்டிய உறுதி ஒன்றுதான். மழை விட்டதும் வரும் முதல் ஞாயிறு, மைனா பறக்க வேண்டும். மாஸ்டர் தைத்த அதே தையலோடு பறக்க வேண்டும். ஓட்டுவது யார் என்று அவர் குடும்பம் சொல்லட்டும். அன்றும், அதற்குப் பிறகு என் கால்கள் நிற்கும் வரை ஒவ்வொரு ஞாயிறும், நான் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நிற்பேன். கிளிப் எடுக்காத ஒருவனும் சுவிட்சைத் தொட விடமாட்டேன். உதுமான் மாஸ்டருக்கு நான் செய்யக்கூடிய ஊழியம் அவ்வளவுதான்.

கடைசியாக, சாதியா, நீ கேட்ட கேள்விக்குப் பதில். அந்த டப்பாவை இறக்கிவிடு அம்மா. உன் வாப்பா தைத்தது விடவே இல்லை.