வட்டமாக வைத்த கையெழுத்துகள்

"குத்தீட்டான்! விழுந்து படுங்கோ!"

ஆமி செல் குத்துகிற சத்தம் கேட்டு யாரோ கத்துகிறார்கள். படுக்கிறோம். எண்ணுகிறேன். பதினொன்று எண்ணும்போது செல் விழுகிறது. மேற்கே, எங்கள் வெங்காயக் கொட்டில் பக்கம். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால். வாயெல்லாம் மண். என் கணவர் யோகராசா என் தலையை அமுக்கிப் பிடித்திருக்கிறார். மறுபக்கம் என் தம்பி சிவம். எழும்பி ஓடுகிறோம். பள்ளிக்கூடத்துக்கு. மறுபடியும் தூரத்தில் டப் என்று குத்துகிற சத்தம். படுக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் ஊரே இருந்தது. மத்தியானம் செல் அடி நின்றது. ஆமி உள்ளே வந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். பெயர் கூப்பிட்டான். ஒவ்வொரு பெயருக்கும் தாளைக் கொஞ்சம் திருப்பினான். லொறிக்காரன் ஸ்டியரிங் திருப்புவதைப் போல.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அது நான் எழுதிய தாள்.

போர் தொடங்க முன்னம் எழுதியது. எங்கள் ஊர் வெங்காயம் செய்கிற ஊர். சரியாக வெங்காயம் கிண்டி எடுக்கிற நேரம் பார்த்துக் கப்பலில் வெளிநாட்டு வெங்காயம் வந்து இறங்கியது. எங்களுடையது விலைப்படாமல் கொட்டிலில் தொங்கி முளைத்தது. என் கணவரும் தம்பியும் சேர்த்து ஆண்கள் பதினொரு பேர் சந்தியில் நின்று வெளி வெங்காய லொறியை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அடிதடி இல்லை. பிறகு, முறைப்படி ஏசண்டருக்குப் பெட்டிசம் போடுவோம் என்றார்கள். ஏசண்டர் என்பது மாவட்டத்தை ஆள வெள்ளைக்காரன் உண்டாக்கிய பதவி. அவன் போனான். பதவி போகவில்லை. அந்தக் கதிரையில் எங்களுக்கு அப்போதும் நம்பிக்கை இருந்தது. என்ன விசர் எங்களுக்கு!

எழுதியது நான். கையெழுத்து வைக்கும்போதுதான் ஒரு யோசனை வந்தது. முதலாவதாக வைக்கிறவனைத்தான் தலைவன் என்று பிடிப்பார்கள். ஆகவே தேத்தண்ணிக் கோப்பைத் தட்டைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் வட்டம் கீறினேன். சுற்றிவரப் பதினொரு பேரும் பெயர் எழுதி ஒப்பம் வைத்தார்கள். முதலும் இல்லை, முடிவும் இல்லை. நானும் வைக்கிறேன் என்றேன்.

"நீயோ அக்கா லொறி மறிச்சனீ? போய்த் தேத்தண்ணியைப் போடு" என்றான் சிவம். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

தாளைக் கொண்டு போனவர் அருளம்பலம். எங்கள் ஊர்க்காரர். ஏசண்டரின் கந்தோரில் கிளாக்கர். அவர் பார்த்துக்கொண்டிருக்கத்தான் எல்லோரும் ஒப்பம் வைத்தார்கள். "ஏசண்டரின்ர கையிலயே குடுக்கிறன்" என்றார். நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். பதில் வரவில்லை. சில வருடத்தில் போர் வந்தது.

பள்ளிக்கூடத்தில் யோகராசாவின் பெயரைக் கூப்பிட்டான். எழும்பினார். சேட்டில் இருந்த மண்ணைத் தட்டினார். கடைசியாகச் சிவம். பதினொரு பேரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். ட்ரக் இரண்டு தரம் இழுத்து மூன்றாம் தரம் ஸ்டார்ட் வந்தது. அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது.

இப்போது நான் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாலாம் மாடியில் தனியே இருக்கிறேன். இந்த நாட்டில் எத்தனையோ போம் நிரப்பிவிட்டேன். ஒவ்வொன்றிலும் என் பெயரைக் கடைசியாகத்தான் எழுதுவேன்.

போன மாதம் ஸ்காபரோவில் கண் டொக்டரிடம் போனேன். பக்கத்துக் கதிரையில் அருளம்பலம். கோட்டும் தொப்பியுமாக. என்னை அடையாளம் கண்டு சிரித்தார். நான் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"அண்ணை, எங்கட பெட்டிசத்தை என்ன செய்தனீங்கள்?"

"ஏசண்டரிட்டக் குடுக்கேல்லை பிள்ளை. ஏன் தேவையில்லாத கரைச்சல்? லொறி மறிச்ச ஆக்களின்ர பேர் எண்டு பைலில போட்டு வைச்சன். பிறகு ஆமி வந்து கேட்டாங்கள். எடுத்துக் குடுத்தன். ஆனா ஒண்டு. முதல் ஒப்பம் ஆரின்ர எண்டு துருவித் துருவிக் கேட்டவங்கள். நான் வாயே திறக்கேல்லை."

பெருமையாகச் சொன்னார். முதல் ஆள் தெரியாததால்தான் பதினொரு பேரையும் கொண்டுபோனார்கள். அது அவருக்கு விளங்கவில்லையா, விளங்காத மாதிரி இருக்கிறாரா? எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்த வாய் அது. நர்ஸ் அவருடைய பெயரைக் கூப்பிட்டாள். எழும்பிப் போனார். கூப்பிட்டால் போய்த் திரும்பி வருகிற பெயர் அவருடையது.

போரில் நடந்ததற்குச் சாட்சியம் சேர்க்கிற பிள்ளை ஒருத்தி யூனியன்வில்லில் இருந்து வந்து என் முன்னால் இருக்கிறாள். "அன்ரி, பயமெண்டா உங்கட நேம் போடாம விடலாம். இட்ஸ் டோட்டலி ஓகே" என்கிறாள். பயம்தான். அருளம்பலமும் இதே ஊரில்தான் இருக்கிறார். இதை வாசிப்பார்.

கொண்டுபோனது பதினொரு பேரை. திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை. அதில் ஒருவர் என் கணவர். ஒருவன் என் தம்பி. மற்ற ஒன்பது பேரின் பெயரையும் கீழே எழுதியிருக்கிறேன். செல்லில் போனது வீடு ஒன்று. கொட்டில் ஒன்று, தொங்கிய வெங்காயத்தோடு. கோப்பைத் தட்டு ஒன்று.

இந்தத் தாளில் வட்டம் கீறவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாகப் பன்னிரண்டு பெயர். முதலாவது, யோகராசா பரமேஸ்வரி. அது நான்.