வேதாசலம் ஊர்ல இல்ல

…இல்ல, நான் கேக்குறேன் ராஜாராமு! ஒரு மனுசன் முழுசா எதுர்ல வந்து நின்னுக்கினு "நாந்தான் சார் வேதாசலம்"னு சொல்றேன். அதுக்கு மேல இன்னா அத்தாட்சி வேணும்? "அந்தத் தெருவுல வேதாசலம்னு யாருமே இல்லன்னு எழுதி வந்துகீதே"ன்றாரு அந்த பாஸ்போட்டு ஆபீசரு. இல்லாத ஆளுக்கா சார் ரெண்டு காலும் வலிக்குது? காத்தால ஆறு மணிலேர்ந்து கியூவுல நிக்கிறேனே, அது யாரு?

நீ ஜன்னலாண்ட ஒக்காருப்பா. எனக்கு வெயிலு இன்னா புதுசா, மஸ்கட்ல பாக்காத வெயிலா! கண்டக்டரே, ரெண்டு காஞ்சிபுரம்! …சும்மா இரு ராஜாராமு, பையில கைய உடாத. நான் தானே உன்ன இட்டுக்கினு போறேன்? லீவுல வந்து ரெண்டு மாசம் ஆவுது, பக்கத்து பக்கத்து வூட்டுல இருந்துக்கினு நாம பேசிக்கல, வாஸ்தவந்தான். அதுக்காவ ஒரு டிக்கெட்டு எடுக்கக் கூடாதா? இந்தா முறுக்கு. வூட்ல ஆதிலட்சுமி சுட்டது. அவ எனக்கே தர்ல, உனக்குன்னு சொல்லித்தான் வாங்கியாந்தேன்.

இன்னா வேலைன்னு கேட்டியே… சின்ன வேல தான்பா. சொல்றேன். அவசரம் இன்னா, காஞ்சிபுரம் ஓடியா பூடும்?

பாஸ்போட்டு கீது பாரு, அது அஞ்சி வருசத்துக்குத் தான் செல்லுமாம். முடிஞ்சி போச்சி. இன்னும் அஞ்சி வருசத்துக்கு ஒரு முத்திர குத்திக் குடுத்தா வேல முடிஞ்சிது. வர்ற செவ்வாக்கெயம பிளேனு. அன்னிக்கு நான் ஏறலன்னா மஸ்கட்ல லேபர் கேம்ப்பு சமையக்கார வேல எனக்கு இல்ல, ஐசக்குக்கு. அந்த ஐசக்க நான் வெங்காயம் அரியத்தான் வெச்சிருந்தேன்! அவன் வடிச்ச சோத்த குருவி கூட துன்னாது. எம் பாதி வூட்ட நீயும் தெனம் பாக்குற. ஜன்னலு மட்டத்துல நிக்குது, மேல தளம் இல்ல. மய வந்தா சாமி படத்துக்கு கொட புடிக்கிறோம். நான் போயி சம்பாரிச்சாதான்பா அதுக்கு மேல ஒரு கல்லு ஏறும்!

துண்ட உள்ள இயுத்துக்க. நல்ல பச்சத் துண்டு, காத்துல போயிடப் போவுது.

எங்க உட்டேன்? ஆங். பாஸ்போட்டு விசயமா போலீசு விசாரணைக்கு ஆளு வந்தானாம், தெருவுல கேட்டானாம், அப்டி யாரும் இல்லன்னு சொன்னாங்களாம். எவன் சொன்னான்? எவ சொன்னா? எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது! மொதல்ல சொக்கம்மா வூட்டுக்குப் போனேன். "இன்னா சொக்கம்மா, நான் இல்லன்னா சொன்ன?"ன்னு கேட்டா, "நீ தானே யாரு வந்து கேட்டாலும் இல்லன்னு சொல்லச் சொன்ன"ன்றா. நான் சொன்னது விசாரணைக்கு வர்றவனுக்கா? விசா கேட்டு வர்றவனுக்கு! நெனச்சிப் பாரு, லீவுல வந்து எறங்கின அன்னிலேர்ந்து ஒரே பேஜாரு. ஒருத்தன் புள்ளைக்கி வேல வேணும்ன்றான், இன்னொருத்தன் கோடாலித் தைலம் இல்லியான்றான். செங்கல்பட்டுலேர்ந்து கூட வர்றானுங்க, மொகமே தெரியாது, மாமான்றானுங்க! அதான் தெருவுல எல்லாருக்கும் சொல்லி வெச்சேன். யாரு கேட்டாலும், வேதாசலம் ஊர்ல இல்ல. அவ்ளோதான்.

அப்பால பஞ்சாட்சரத்தோட சண்ட. "உன்ன மாதிரி ஆளு நெசமாவே ஊர்ல இல்லாட்டி நிம்மதியா இருக்கும்"னுட்டான். பாஞ்சாலி கிட்ட கேட்டேன், அவ அழுதுட்டா. மூணு நாளு தெரு பூரா கத்தி என் தொண்ட தான் போச்சி, யாரும் ஒத்துக்கல.

சரின்னு நேத்து காஞ்சிபுரம் போலீசு ஆபீசுல கெஞ்சிக் கூத்தாடி, அந்தக் காயிதத்த ஒரு தபா கண்ணுல காட்டுங்க சாமின்னேன். பெரியவரு, நல்ல மனுசன், எடுத்துக் காட்னாரு. கீய அக்கம்பக்கத்து சாட்சின்னு ஒரு கையெயுத்து. ராஜாராம், பக்கத்து வீடு.

ஒக்காரு, ஒக்காரு! எய்ந்துக்காத! நீ போடல. நீ போடலன்னு எனக்குத் தெரியும்பா! சத்தியமா தெரியும். எப்டித் தெரியும்னா…

முறுக்கு துன்னு.

எப்டித் தெரியும்னா, அந்தக் கையெயுத்துல கடேசி "ம்"முக்கு கீய ஒரு வாலு இயுத்துகீது. அந்த வாலு நான் மட்டுந்தான் இயுப்பேன். …அது நான் போட்ட கையெயுத்து ராஜாராமு!

எனக்கு இன்னா தெரியும் சொல்லு! போலீசு விசாரணைன்னா தொப்பி போட்டுக்கினு, பெல்ட்டு கட்டிக்கினு வர வேணாம்? இவன் வேட்டி கட்டி, கக்கத்துல தோல் பைய இடுக்கிக்கினு, சைக்கிள தள்ளிக்கினு வர்றான். நான் தலையில துண்டக் கட்டிக்கினு மணலு சலிச்சிக்கினு கீறேன். "இங்க வேதாசலம் யாருங்க"ன்னான். புள்ளைக்கி விசா கேக்க வந்த அப்பன்னு நெனச்சிட்டேன்! வாயில தன்னால வந்துடுச்சி, "அப்டி யாரும் இங்க இல்லியே"ன்னு. அத்தோட நிறுத்தினா பரவால்ல. அவன் போவாம நிக்கிறான். "மஸ்கட்டுல இருந்தாராமே"ன்றான். "ஆமா, போனவன் அங்கியே ஒருத்தியக் கட்டிக்கினு தங்கிட்டான், இனிமே வர மாட்டான்"னேன். அவன் அத்தயும் எயுதிக்கினான்! வெயில்ல வந்தானேன்னு நானே ஒரு சொம்பு மோரு குடுத்தேன்பா அவனுக்கு!

குடிச்சிட்டு, "ஒரு கையெயுத்து போடுங்க, உங்க பேரு"ன்னான். நான் வேதாசலம்னா போட முடியும்? அன்னிக்கு காத்தால தான் நீ மச்சானுக்கு விசா கேட்டு வந்து போன. நான் அரிசிக் குதிருக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு இருந்தேன். உன் பேரு தான் நாக்குல நின்னுது. ராஜாராம்னு போட்டேன். வாலும் இயுத்துட்டேன்.

இப்ப வூட்ல ஆதிலட்சுமி வேற. "ஒரு பொண்டாட்டி கட்டிக்கினேன்றது எப்டி அவ்ளோ ஜல்தியா வாயில வந்துச்சி?"ன்னு கேக்குறா. நேத்து ராத்திரிலேர்ந்து சோறு இல்ல. பொய்யிடின்னா, "எது பொய்யி?"ன்றா!

சிரிக்காத. நெசமா பயந்து போயி கீறேன்.

பெரியவரு ஒரு வயி சொன்னாரு. "சாட்சி சொன்ன அந்த ராஜாராம இட்டுக்கினு வா. தப்பா சொல்ட்டேன், இவரு தான் வேதாசலம்னு அவரு எயுதிக் குடுத்தா இன்னிக்கே மாத்தி அனுப்புறேன்"னாரு. இதான்பா அந்த சின்ன வேல! நீ போட்ட கையெயுத்துன்னு ஒத்துக்கினு, வெயில்ல கண்ணு கட்டிடுச்சி சாமின்னு சொல்லிடு. கொஞ்சம் திட்டுவாரு. திட்டுனா இன்னா, ஒடம்புலயா ஒட்டிக்குது? நான் போட்டேன்னு உண்மைய சொன்னா, பொய்க் கையெயுத்துன்னு என்ன உள்ள தூக்கி வெச்சிட்டா? அப்பால யாரு தளம் போடுவாங்க?

ஒண்ணே ஒண்ணு. உன் கையெயுத்து வேற மாரி இருக்கும். இதோ, மாதிரிக்கி எயுதியாந்துகீறேன். பேனாவும் கீது. வாலாஜாபாத்து தாண்டறதுக்குள்ள ஒரு பத்து தபா எயுதிப் பயகிக்க. வாலு முக்கியம். இப்டி, சொயட்டி கீய இயுக்கணும்… பஸ்சு ஆடுதா? பரவால்ல, ஆட ஆட எயுது, நான் போட்டதும் அப்டித்தான் இருக்கும்.

உன் மச்சானுக்கு விசா நான் பாத்துக்குறேன். அன்னிக்கே பாத்துருப்பேன், நீ தான் நான் இல்லாதப்ப வந்துட்ட… சரி சரி, நான் இருந்தப்ப தான். குதிருக்குப் பின்னாடி இருந்தப்ப.

இன்னா, வாலாஜாபாத்தா? அதுக்குள்ளயா? டீயா? போயி குடிச்சிட்டு வா, அஞ்சி நிமிசம் நிப்பான். காயிதத்த சீட்டுல வெச்சிட்டுப் போறியே… சரி, கையோட எடுத்துனு போனா டீ கொட்டிடும்.

…கண்டக்டரே, விசில் ஊதாதீங்க! எங்காளு ஒருத்தர் கீய கீறாரு! ராஜாராமு! ஏ ராஜாராமு! அதோ நிக்கிறான் பாரு, முதுவக் காட்டிக்கினு. காது கேக்கல போல. யம்மா, வெள்ளரிக்காக்காரம்மா! அந்த டீக்கடையாண்ட பச்சத் துண்டு போட்டுக்கினு ஒருத்தரு நிக்கிறாரே, அவராண்ட போயி, ராஜாராமு உன்ன கூப்புடுறாங்க, பஸ்சு பொறப்படுதுன்னு சொல்லும்மா. உனக்குப் புண்ணியமா போவும், ஓடு!

ஒரு நிமிசம் கண்டக்டரே, காலுல வியுறேன், செவ்வாக்கெயம பிளேனு எனக்கு… தோ வந்துட்டா. இன்னாம்மா? வர்றாரா?

அங்க ராஜாராம்னு யாருமே இல்லியா? யாரும்மா சொன்னது?

…அந்தப் பச்சத் துண்டுக்காரரேவா?