கம்பவுண்டர் அழகரும் கருஞ்சிவப்பு மருந்தும்

காயத்திற்குக் கட்டுப் போட்ட கருணையாளர், காய்ச்சலுக்குக் கசப்பூட்டிய கண்டிப்பாளர், ஹேவாஹெட்டக் காப்பித் தோட்டத்தின் கம்பவுண்டர், உயர்திரு அழகர் அவர்கள் இன்று ஓய்வு பெறுகின்றார். அவையீர்! அன்னாரின் அருஞ்செயல் ஒன்றைச் செவிமடுப்பீர்!

காப்பி இலையைச் செந்நோய் என்னும் பூஞ்சணம் தின்ற காலம் அது. அயடீனையும் குளோரீனையும் கூட்டினால் பிறக்கும் அயடீன் குளோரைட்டு எந்தப் பூஞ்சணத்தையும் கொல்லும் என்று தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை எங்கோ கேள்விப்பட்டார். கண்டி மருந்துக்கடையில் அதைச் செய்வித்து வாங்கிவர அழகரே சென்றார். கண்டி வெயிலில் கருஞ்சிவப்பு நீராய்த் தளும்பிய சரக்கு, மலையேறியதும் குளிரில் கெம்புக்கல்லாய் உறைந்துவிட்டது!

"அழகரு, மருந்து வாங்க அனுப்பினா கல்லு வாங்கிட்டு வந்திருக்கே?" என்றார் துரை.

அழகருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இருங்க துரை, இப்பவே உருக்கித் தர்றேன்" என்று போத்தலைக் காப்பிக்கொட்டை சேமிக்கும் கிட்டங்கியின் அடுப்பருகே வைத்தார். உள்ளே பெண்கள் காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தனர். ஏணைகளில் பிள்ளைகள் உறங்கின.

தோலை அரிக்கும் அம்மருந்து தக்கையை விட்டுவைக்குமா? அரிபட்ட தக்கை தெறித்தது. செம்பழுப்புப் புகை சீறியது.

"ஐயோ, புள்ளைங்க உள்ள கெடக்குதுங்க!" என்று அலறினாள் கொட்டை பொறுக்கும் நல்லம்மா.

அழகர் உள்ளே பாய்ந்தார். வைத்தவன் நானே, எடுப்பவனும் நானே என்று தலைப்பாகையை அவிழ்த்துப் போத்தலைச் சுற்றி, மூச்சடக்கி, வெளியே ஓடி, காப்பிச் செடிகளிடையே வீசினார். சுவருக்கு அடிக்கக் கரைத்திருந்த சுண்ணாம்பை அதன்மேல் தொட்டியோடு கவிழ்த்தார். விரல்கள் வெந்தன, மீசை பழுப்பேறியது. பிள்ளைகளுக்கு இருமலோடு போயிற்று. வாசலில் நின்ற துரையின் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோ, கஞ்சியை நீலமாக்கும் அயடீன் புகை பட்ட இடமெல்லாம் நீலம் பூத்தது!

மறுவாரம் துரை கேட்டார்: "மருந்து பட்ட செடியில நோய் போச்சா?"

"போயிருச்சுங்க, துரை."

"சபாஷ்!"

"எலையும் போயிருச்சுங்க."

"செடி?"

அழகர் தலையைச் சொறிந்தார். "அதுவுந்தாங்க."

ஏசுவார் என்று ஒடுங்கி நின்றார் அழகர். துரையோ கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தார். அழகருக்குத்தான் சிரிப்பு வரவில்லை; புகை சீறிய அன்று, வெந்த விரல்களோடு தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாய்ச் சென்று, ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சிலும் காது வைத்துக் கேட்ட பின்னரே சோறு உண்டவராயிற்றே அவர்!

அத்தகு நெஞ்சர் நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு வாழ்க! உடல்நலம் குன்றின் கசாயம் மட்டுமே காய்ச்சிக் குடிப்பாராக!

இங்ஙனம்,
அன்று ஏணையில் இருமி, இன்றும் மூச்சு விடும்
தோட்டத்துப் பணியாளர்கள்,
ஹேவாஹெட்ட.