நாக்கு ஒட்டிய குழாய்

கையில் தின்பதற்கு ஏதாவது இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

மாலை ஆறரை மணி. ஊருக்கு வெளியே ஈ காக்கை இல்லாத சாலை. என் நண்பனின் மச்சான் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவார். அவர் வேலை பார்ப்பது காற்றுச் சுரங்கத்தில்... ராட்சத விசிறியால் காற்றை அடித்து, விமான இறக்கையின் மாதிரியைச் சோதிக்கும் கூடம். இறக்கை முழுக்க ஊசிமுனைத் துளைகள். ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய குழாய். அதன் மறுமுனை, அழுத்தம் காட்டும் மீட்டரில்.

அன்று ஒரு துளை மட்டும் முரண்டு பிடித்தது. விசிறியை நிறுத்திய பிறகும் அதன் முள் ஏறி இறங்கியது... ஏறி இறங்கியது. தூங்குகிறவனின் மூச்சு மாதிரி.

குழாயில் எங்கோ கசிகிறது என்று நினைத்தார். துளைமேல் டேப் ஒட்டிவிட்டு, மறுமுனையைச் சிரிஞ்சால் இழுத்துப் பார்க்க வேண்டும். அதுதான் முறை. சிரிஞ்ச் மாடியில் இருந்தது. சோம்பல்! துளைமேல் டேப்பை மட்டும் ஒட்டிவிட்டு, குழாயை மீட்டரிலிருந்து கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினார். நுனியை நாக்கால் அடைத்தார். நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டால் கசிவில்லை என்று அர்த்தம். அங்கே முன்பு வேலை பார்த்த சொத்தைப் பல் கிழவரும் சாகும்வரை அப்படித்தான் செய்தாராம். கருமம்.

நாக்கு ஒட்டியது. கசிவில்லை.

அப்புறம்... டேப் ஒட்டிய பக்கத்திலிருந்து யாரோ உறிஞ்சினார்கள். சர்ர்ர்... வாயிலிருந்த எச்சில் எல்லாம் போயிற்று. நாக்கைப் பிய்த்தெடுப்பதற்குள் போனது திரும்பி வந்தது. வெதுவெதுப்பாக, கொழகொழவென்று. சொத்தைப் பல் நாற்றம். பாதி தொண்டைக்குள் இறங்கியே விட்டது.

டேப்பைக் கிழித்துப் பார்த்தார். துளை காய்ந்து, சுத்தமாக இருந்தது.

வீட்டில் இன்னும் பல் முளைக்காத பெண் குழந்தை. இந்தச் சனியன் அவளுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய பயம். உப்பு, சோப்பு, எல்லாம் போட்டு ஈறு கிழியத் தேய்த்தார். நாற்றம் போகவில்லை. முகக்கவசத்தோடு தனி அறையில் படுத்தார்.

"என்னங்க, பெத்த புள்ளைய ஒரு தடவ தூக்கக் கூடாதா?" என்று மனைவி கண்ணைக் கசக்கினாள்.

"சளிம்மா. சரியாகட்டும்."

ஒருநாள் காலையில் எழுந்தால்... நாற்றம் இல்லை. துளிக்கூட இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட உட்கார்ந்தார். உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"இங்க கொஞ்சம் வாங்களேன். பாப்பாவுக்குப் பல்லு வந்திருக்கு... ஆனா என்னமோ மாதிரி இருக்குங்க."

ஓடினார். குழந்தை அவரைப் பார்த்ததும் வாயைத் திறந்து சிரித்தது. கடைவாயில் ஒரே ஒரு பல். மஞ்சளாக, தேய்ந்து... நடுவில் வெள்ளி வைத்து அடைத்திருந்தது.