ஆகஸ்டில் எடுத்த தண்ணீர்

என்னை இந்த மேடைக்கு அழைக்கப் பதினோரு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட நகரத் தலைவர் தூர்ஹில் ப்ரெக்கே அவர்களே! முன்வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் விமான நிலைய மேலாளர் அவர்களே! நம் கால்ட்மோ நகரின் குளிரை என்னைவிட அதிகம் பார்த்த பெரியோர்களே! வாஃபிள் சுட்ட மாவுக் கையோடு வந்து நிற்கும் தாய்மார்களே! கேட்க வந்தவர்களே, கேலி செய்ய வந்தவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் வாக்கெடுப்பு. விமானங்களின் பனியை நீக்க, அடியில் தொட்டி வைத்த ஒரே களம் வேண்டுமா, வேண்டாமா? கேள்வி அவ்வளவுதான். வேண்டாம் என்றால், ஓடைக்கரையில் இருக்கும் குன்வோர் லீயன் தம் மீன்குஞ்சுப் பண்ணையை மூடுகிறார். விளைவும் அவ்வளவுதான்.

இறக்கையில் பனியோடு பறக்கட்டும் என்று நான் சொல்வதாக ஒரு பேச்சு உலவுகிறது. சொல்வேனா? உப்புத்தாள் அளவுக்கு உறைபனி படிந்தாலே இறக்கை விமானத்தைத் தூக்கத் திணறும். பனியை உருக்கும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்த வெந்நீரை அடிக்கத்தான் வேண்டும். ஆனால் அடித்த கிளைக்கால் எங்கே போகிறது? ஆகாயத்துக்கா? இல்லை, அடியில் கிடக்கும் பனிக்கு! அந்தப் பனியை வண்டி வழித்து வேலியோரம் குவிக்கிறது. அக்டோபரில் குவிக்கிறது, ஜனவரியில் குவிக்கிறது, ஏப்ரலிலும் குவிக்கிறது. மே மாதம் வெயில் வருகிறது. ஏழு மாதச் சரக்கும் ஏழெட்டு நாளில் ஹெல்லே ஓடையில் இறங்குகிறது. நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. விருந்தோடு சேர்த்துத் தண்ணீரின் ஆக்சிஜனையும் அவை தின்று தீர்க்கின்றன. மீனின் மூச்சுக்கு மிச்சம் என்ன?

போன மே மாதம் ஒரு காலை குன்வோர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"சிக்பியோர்ன், உடனே கிளம்பி வா. குஞ்சுங்க எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

நான் போய்ச் சேர்ந்தபோது எதுவும் வாயைத் திறக்கவில்லை. ஓடைத் தண்ணீர் பாயும் தொட்டி முழுக்க வெள்ளை வயிறுகள்.

இருவரும் மேலாளரிடம் போனோம். "ஓடைத் தண்ணி சுத்தம்னு பதினஞ்சு வருஷ அறிக்கை இருக்கும்மா. உங்க மீனுக்கு வேற ஏதாவது சீக்கா இருக்கும்" என்றார்.

அறிக்கையின் எண்கள் பொய்யில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் எடுத்த மாதம் எது? ஆகஸ்ட்! ஜனவரியில் ஓடையின்மேல் உறைந்த பனிக்கட்டியைத் துளைக்க வேண்டும். மே மாதம் கரையெல்லாம் முழங்கால் சேறு. ஆகஸ்டிலோ காலுறை நனையாமல் பாட்டிலை நிரப்பிவிடலாம். பனியே இல்லாத மாதத்தில் போய்ப் பனி மருந்தைத் தேடினால் கிடைக்குமா?

"எடுத்தது யாருன்னு சொல்லுய்யா!" என்கிறார் பின்வரிசை நண்பர்.

சொல்கிறேன், ஐயா. முதல் நான்கு ஆண்டுகள் எடுத்தவன் நான். விமான நிலையத்தில் வேலை பார்த்தவன். வேதியியல் படித்தவன். காலுறை நனையக் கூடாது என்று நினைத்தவன்! ஐந்தாம் ஆண்டு மே மாதத்தில் சேற்றில் இறங்கினேன். வந்த எண்ணைப் பார்த்ததும் களம் கேட்டுக் கடிதம் எழுதினேன். அடுத்த வாரமே என்னைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். "ஓடைக்கு வக்கீல் வந்துட்டாரு, காப்பி குடுங்கப்பா!" என்று சிரித்தவர்கள் மூவர் இந்த அரங்கில் இருக்கிறார்கள். பெயர் சொல்லப் போவதில்லை. எந்தப் பெயரும் எனக்கு மறக்கவில்லை.

போகட்டும். போன குளிரில் தெளிப்பு வண்டிக்காரர் அவுதுன் ஒன்று செய்தார். இறக்கையில் கிடந்த உதிரிப் பனியை நீண்ட துடைப்பத்தால் முதலில் தள்ளினார். விமானி ஹல்வார் சன்னலைத் திறந்தார்.

"என்னப்பா, என் விமானத்தப் பெருக்கிட்டு இருக்க? மாமியார் வராங்களா?"

"உங்க மாமியார் வந்தா நான் ஏன் பெருக்கறேன்? ஊதுனா பறக்கற பனிக்கு எதுக்கு கேப்டன் வெந்நீ? ஒட்டிக்கிட்டு இருக்கறதுக்கு மட்டும் அடிக்கிறேன், இருங்க."

அடித்தார். இறக்கையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகுதான் கட்டைவிரலை உயர்த்தினார். வழக்கமாகச் செலவாகும் கிளைக்காலில் பாதிகூடத் தீரவில்லை. விமானமும் பத்திரமாகப் போய் இறங்கியது.

முதலில் துடைப்போம். பிறகு தெளிப்போம். தெளிப்பதை ஒரே களத்தில் தெளிப்போம். வழிவது தொட்டிக்குப் போகட்டும். அதைக் காய்ச்சி வடித்து மறுபடி பயன்படுத்தலாம். தாமதம் ஆகாதா என்கிறீர்கள். ஆகும். ஒரு விமானத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். நான் மறைக்கவில்லை, மறைத்த காலம் போதும்.

தீர்மானத்தின் முதல் வரி, 'ஆகஸ்டில் எடுத்த தண்ணீரின் அறிக்கைகள் எதுவும் செல்லாது' என்பது. அந்த வரியை நீக்கினால் களத்தை எதிர்க்க மாட்டேன் என்று மேலாளர் இன்று காலை என்னிடம் சொன்னார். நீக்கினால் அந்த அறிக்கைகளில் உள்ள என் கையெழுத்தும் தப்பிக்கும். ஆனால் மே மாதத்தில் சேற்றில் இறங்க யாருக்கும் அவசியம் இருக்காது. களம் ஒழுகினாலும் அறிக்கை சுத்தம் என்றே சொல்லும். அந்த வரி இருக்கட்டும்! செல்லாத அறிக்கைகளில் முதல் நான்கின் எதிரே என் பெயரை முழுதாக எழுதுங்கள்!

கையை உயர்த்தும்போது என்னைப் பார்க்காதீர்கள். என்னைப் பிடிக்காதவர்கள் இங்கே பலர். எனக்குப் பிடிக்காதவர்கள் அதைவிடப் பலர். அதோ, கதவருகே குன்வோர் நிற்கிறார். அவரைப் பார்த்து உயர்த்துங்கள்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்காமலே கேட்டவர்களுக்கும் நன்றி. வணக்கம்.